பார்ப்பவர் கூட்டமும் பதில் எழுதும் வாசகரும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. வெளியூர் ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தைப் புரட்டிக் காட்டித்தான் கடை கடையாக ஆர்டர் பிடிக்கிறார்கள். அங்கே அச்சாகும் தினசரி காலண்டர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே கெட்டி அட்டையில் ஃபாயில் மினுங்க முருகனோ மகாலட்சுமியோ இருப்பார்கள். கீழே தகரப் பட்டையில் இறுக்கிய தாள் கட்டு. தாளில் தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம், பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன், அடியில் ஒரு பொன்மொழி. படம் வருடம் முழுவதும் ஆணியில் இருக்கும், தாளைத் தினமும் கிழித்துப் போடுவார்கள். ஆனால் வீட்டில் பேச்சு எழுவது தாளைப் பற்றித்தான். ‘நமக்கு இன்னைக்கு என்ன போட்டிருக்கு?’ என்று ஒருவர் கேட்பார். ‘நஷ்டம்’ என்று இன்னொருவர் வாசிப்பார். ‘போன வாரமும் இதைத்தான் போட்டான், ஒண்ணும் ஆகலையே’ என்று மூன்றாமவர் மறுப்பார். படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் இவர்களேதான். ஆனால் படத்தோடு யாரும் வாதாடுவதில்லை.

எழுத்தாளரும் வாசகரும் சந்திக்கும் இடம் கைபேசித் திரைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் ஃபேஸ்புக், எக்ஸ், த்ரெட்ஸ் போன்ற, எழுத்தை முதலாகக் கொண்ட தளங்கள். மறுபக்கம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் போன்ற காட்சித் தளங்கள். புத்தகம் எழுதுகிறவர்களிடம் இன்று பதிப்பாளர்களும் நண்பர்களும் சொல்லும் யோசனை ஏறக்குறைய ஒன்றுதான்: ‘எழுதினால் யார் படிக்கிறார்கள்? ஒரு நிமிட வீடியோ போடுங்கள்.’ பார்வை எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த யோசனை சரி என்றே தோன்றும். எழுத்தாளருக்கும் வாசகருக்கும் உள்ள உறவைப் பார்த்தால் அது போதாது என்பது என் கருத்து. எழுத்துக்கு வாசகர் எழுத்தாலேயே பதில் சொல்ல முடியும். இருவர் கையிலும் இருப்பது ஒரே கருவி. அதனால் இன்றைய வாசகர் நாளைய எழுத்தாளராகவும் வாய்ப்பு உண்டு. காட்சிக்கு, பெரும்பாலான நேரங்களில், பார்ப்பவரால் காட்சியால் பதில் சொல்ல முடிவதில்லை. ஒரு இதயக்குறி இட்டுவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்கிறார். முன்னது உரையாடல், பின்னது தரிசனம். எழுதுகிறவருக்கு இரண்டும் பயன்படலாம். ஆனால் ஒன்றை மற்றதற்கு மாற்றாக எண்ணினால் நஷ்டம் எழுத்துக்குத்தான்.

இதைப் பேச விருதுநகர் மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் குறைவு. படத்தையும் எழுத்தையும் ஒருசேர அச்சடித்து நாட்டுக்கே அனுப்பிய மண் இது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்யநாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் லேபிளோடு நிற்காமல் பட்டாசுப் பெட்டிக்கும், காலண்டருக்கும், டைரிக்கும், பள்ளி நோட்டுக்கும் விரிந்தது. மழை பொய்த்த கரிசல் பூமியில் விவசாயத்தை நம்ப முடியாத குடும்பங்களுக்குத் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களும் சோறு போட்டன. சிவகாசி அச்சுக்குப் போன சாமி படங்களில் மிகப் பெரும் புகழ் பெற்றவை அருகிலுள்ள கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் சி. கொண்டையராஜு வரைந்தவை. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும் தமிழ் வீடுகளின் சுவர்களில் மட்டுமல்ல, மொழி தெரியாத வட மாநில வீடுகளிலும் பூஜை அறை வரை போய்ச் சேர்ந்தன. 1976-ல் அவர் மறைந்தார். இந்திய எழுத்தாளர் எவருக்கும் கிடைக்காத எண்ணிக்கையில் பார்வையாளர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். ஓவியத்தின் மூலையில் கையெழுத்தும் இருந்தது. ஆனால் அந்தப் படத்தின் முன் விளக்கேற்றிய கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்தக் கையெழுத்தைப் படித்திருப்பார்கள்? சாமியைப் பார்த்தார்கள், வரைந்தவரைப் பார்க்கவில்லை. படத்தின் வெற்றியே அதுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தரிசனம் தருவதற்காக வரைந்த படம் தரிசனம் தந்தது. படைத்தவருக்கும் பார்த்தவருக்கும் நடுவே பேச்சு நடக்கும் என்று அந்த வடிவம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அதே கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூர். அங்கே 1923-ஐ ஒட்டிப் பிறந்த இரண்டு பேர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன பிறகு இருவருக்கும் நடுவே நட்பைக் காத்தது கடிதம். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனி நூலாகவே வந்தன. இலக்கியம், சங்கீதம், உடம்பு நோவு, ஊர்ச் செய்தி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்த கடிதங்கள் அவை. ஒரு விவசாயி எழுத்தாளரானதற்கு அந்தக் கடிதப் போக்குவரத்தும் ஒரு காரணம். கி.ரா. பிறகு ஜூனியர் விகடனில் தொடர் எழுதியபோது அதற்கு வைத்த பெயர் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’. பல்லாயிரம் பேர் படிக்கும் பத்திரிகையில், ஒரே ஆளுக்கு எழுதுவது போன்ற தொனியில் எழுதினார். அந்தத் தொடருக்கு ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆக, படத்துக்கும் எழுத்துக்கும் பகை இல்லை. அங்கே எழுத்து முன்னால் நடந்தது, படம் கூடவே வந்தது. படித்தவர்கள் தங்கள் ஊர்க் கதையை, தங்கள் ஊர்ச் சொல்லை எழுத உந்தப்பட்டார்கள். வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்த மனிதர் கி.ரா. பூமணி, சோ. தர்மன், மேலாண்மை பொன்னுச்சாமி என்று நீளும் கரிசல் எழுத்தாளர் வரிசையில் பலர், எழுதும் முன்னால் முன்னவர்களைப் படித்து, ‘நம்ம பேச்சையும் எழுதலாம் போலிருக்கே’ என்ற துணிவைப் பெற்றவர்கள். மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மேலாண்மறைநாட்டில் சிறு கடை நடத்தினார். ‘மின்சாரப்பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக 2007-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடைக்குள் உட்கார்ந்து படித்த ஒரு வாசகர் அந்த இடம் வரை போக முடிந்தது, படித்ததற்கும் எழுதியதற்கும் ஒரே மொழி, ஒரே தாள், ஒரே பேனா போதுமாக இருந்ததால்தான்.

‘அது தபால்காரர் காலம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. இணையத்திலும் இதே வழிதான் வேலை செய்திருக்கிறது. ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற நாவல் தொடராக 2014 ஜனவரியில் தன் இணையதளத்தில் தொடங்கினார். நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுதி 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். வாசகர்கள் எழுதிய கடிதங்களும் அவற்றுக்கான பதில்களும் அந்தத் தளத்தின் பெரும் பகுதி. அப்படி எழுதிய வாசகர்களில் சிலர் பிறகு தாங்களே நூலாசிரியர்கள் ஆனார்கள். கூட்டங்கள் நடத்தினார்கள், விருது வழங்கும் அமைப்பாகத் திரண்டார்கள். விருதுநகருக்குப் பக்கத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் ஆனந்த விகடனில் ‘துணையெழுத்து’ எழுதிச் சேர்த்த வாசகர்களோடு தன் இணையப் பக்கம் வழியாகவும் தொடர்ந்து பேசிவருகிறார். கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய அவருடைய ‘சஞ்சாரம்’ 2018-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவர்களுடைய கருத்துகளோடு உடன்படலாம், முரண்படலாம். கவனிக்க வேண்டியது வேறு. இத்தனை பெரிய வாசகர் வட்டங்கள் நீண்ட எழுத்தின் மீதே எழும்பியிருக்கின்றன. காணொளி பிறகு வந்தது, எழுத்து போட்ட அடித்தளத்தின் மேல் வந்தது.

காட்சித் தளம் எதற்கு நன்றாகப் பயன்படுகிறது என்பதையும் சிவகாசியிலேயே பார்க்கலாம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபோது இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்கவும் தடை விதித்தது. அதற்குப் பின்னான ஆண்டுகளில் தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சிவகாசிக் கடைகள் வரிசைகட்டி வருகின்றன. ஒருவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைவார். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம், பென்சில், வானத்தில் வெடிக்கும் ஃபேன்சி ரகங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விலை சொல்வார். இரவில் மொட்டை மாடியில் கொளுத்தியும் காட்டுவார். வாட்ஸ்ஆப் எண் திரையில் ஓடும். சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பட்டாசு கண்ணுக்கான பொருள். அதை விற்கக் காட்சி போதும். அதே காட்சியை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. சிவகாசிப் பெயரில் போலி விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்கள் பற்றித் தமிழகக் காவல்துறை தீபாவளி நேரத்தில் எச்சரித்திருக்கிறது. பார்த்தவுடன் நம்ப வைப்பதுதான் காட்சியின் பலம். கேள்வி கேட்க இடம் தராமல் நம்ப வைப்பதும் அதே பலம்தான்.

இப்போது அந்தப் பட்டாசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மருந்து கலக்கும் அறைக்குள், மருந்து செலுத்தும் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. உராய்வும் பொறியும் உயிர் குடிக்கும் இடம் என்பதால் வைத்த விதி, மிகச் சரியான விதி. அதன் இன்னொரு விளைவு, அந்த அறையில் நடப்பதை எந்த ரீல்ஸும் காட்ட முடியாது என்பது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற கணக்கு மீறப்படுவது, காய வைத்த மருந்தை அவசரத்தில் அள்ளுவது, நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தரும் ‘நாக்பூர் லைசென்ஸ்’ வைத்திருப்பவர் உள்குத்தகைக்கு விடுவது, பீஸ் கணக்குக் கூலிக்காக வேகம் கூடுவது, அலுமினியத் தூள் படிந்த கையோடு பெண்கள் சாயங்காலம் வேன் ஏறுவது என்று எத்தனையோ. இவற்றில் கேமராவுக்குச் சிக்குவது கடைசி ஒன்று மட்டும்தான். மற்றவை வெளியே வர வேண்டுமானால் அங்கே வேலை பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும், எழுதியதைப் படித்த மூன்றாமவர் ‘எங்கள் யூனிட்டில் இப்படி இல்லை’ என்றோ ‘இதைவிட மோசம்’ என்றோ பதில் எழுத வேண்டும். உண்மை திரள்வது அந்த வழியில்தான்.

காட்சிக்குக் கிடைப்பது விபத்துக்குப் பிறகான புகை மண்டலம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் அளவுக்கு உயிரிழந்தார்கள். முதலில் தீப்பிடித்ததைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிய ஊர்க்காரர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் மீண்டும் பெருவிபத்து நடந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடுவிலும் பிறகும் சிறியதும் பெரியதுமாக எத்தனையோ. இப்போதெல்லாம் விபத்து நடந்த அரை மணி நேரத்தில் தொலைவிலிருந்து எடுத்த காணொளி எல்லாக் கைபேசிகளுக்கும் வந்துவிடுகிறது. வெடிச் சத்தத்தோடு வரும் அந்தக் காட்சி யாரையும் உலுக்கும். மறுநாள் அதே திரையில் அதே விரல் வேறொன்றுக்கு நகர்ந்துவிடும். இறந்தவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பு என்ன ஆனது, நிவாரணம் எப்போது வந்தது, வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கெல்லாம் காட்சி கிடையாது. எழுத்து மட்டுமே அந்த இரண்டாம் நாளுக்கும் இரண்டாம் வருடத்துக்கும் போக முடியும். அந்த ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாம் வருடத்திலும் கூட இருக்கும் வாசகர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காட்சியால் இந்த ஆழத்துக்குப் போகவே முடியாதா? முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ‘கருவேலம்பூக்கள்’ என்ற படத்தை எழுத்தாளர் பூமணியே இயக்கினார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் படம் அது. ஆகவே என் குறை கேமராவின் மேல் இல்லை. சினிமா இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ஒரு வாழ்க்கையைச் சொல்லும். காட்சிச் சமூக ஊடகத்தின் அளவுகோலே வேறு. முதல் சில விநாடிகளில் நிறுத்தவில்லை என்றால் விரல் தள்ளிவிடும் என்ற அச்சத்திலேயே அங்கே எல்லாம் தயாராகிறது. அதனால் அங்கே போகும் எழுத்தாளர் தன் நாவலின் மிகச் சிக்கலான இடத்தை விட்டுவிட்டு, மிகச் சுருக்கமாகச் சொல்லக்கூடியதை எடுத்துப் பேசுகிறார். கொஞ்ச நாளில் எழுதும்போதே அப்படிச் சொல்லக்கூடியதை எழுதத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலை எழுதியபோது கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் தலைமுறைகளின் வாழ்வோடு பின்னிப் பிணைய ஆயிரம் பக்கத்துக்கு மேல் இடம் எடுத்துக்கொண்டார். இரண்டு சாதிகள் மோதிய வரலாற்றை ஒரு நிமிடத்தில் சொன்னால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. எழுத்து என்பதே படித்தவர்களின் சொத்து, பட்டாசு ஆலைக்குப் போகும் அக்காவுக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வராது, காட்சியும் குரலும்தான் அவருக்கான ஜனநாயகம் என்று சொல்வார்கள். இதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். குரல் அவருடையது. ஆனால் குரலைக் காட்சியின் கணக்கில் எழுதுவது தவறு. கி.ரா.வின் எழுத்தே வாய்மொழிக் கதையிலிருந்து எழுந்தது. ஒரு கதையைக் கேட்டவர் அடுத்த ஊரில் அதைத் திருப்பிச் சொல்ல முடியும், மாற்றிச் சொல்ல முடியும், ‘இல்ல மாமா, கதை அப்படி இல்ல’ என்று இடைமறிக்க முடியும். கேட்பவருக்கும் அதே நாக்கு இருக்கிறது. இந்த வகையில் பேச்சு எழுத்தின் உடன்பிறப்பு. வாட்ஸ்ஆப்பில் ஒரு பெண் அனுப்பும் குரல் பதிவு, ரீல்ஸை விடக் கடிதத்துக்குத்தான் நெருக்கம். பவா செல்லதுரை கதை சொல்லும் காணொளிகளும், இலக்கியக் கூட்டங்களை முழுமையாகப் பதிவுசெய்யும் ஸ்ருதி டிவியின் காணொளிகளும் வாசகர்களைப் புத்தகத்துக்கு அழைத்து வருவது இதனால்தான். அவற்றில் கண்ணுக்கு வேலை குறைவு. ஒருவர் நின்று பேசுகிறார், நாம் கேட்கிறோம். கண்ணை மூடிக்கொண்டாலும் ஒன்றும் குறையாது. படிக்கத் தெரியாதவர் எழுத்தை விரும்ப மாட்டார் என்பதும் சரியில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்கள் கையெழுத்துப் போடுவதோடு நிற்கவில்லை, மனு எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள். கரிசல் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். எழுத வராதவருக்குக் காட்சி போதும் என்று முடிவு கட்டுவது கருணை போலத் தோன்றும். அவரைக் காலத்துக்கும் பார்வையாளராகவே வைத்திருக்கும் ஏற்பாடு அது.

டிக்டாக்கை நினைவுபடுத்துபவர்களும் இருப்பார்கள். அதில் ஒருவர் வீடியோவுக்கு இன்னொருவர் பக்கத்திலேயே நின்று வீடியோவால் பதில் சொல்ல முடிந்ததே, நம் கிராமத்து மக்கள் அதில் கலக்கினார்களே என்று. உண்மை. என் வாதத்துக்கு வந்த மிக வலுவான எதிர்ச்சான்று அதுதான். காட்சியிலும் பார்ப்பவருக்குக் கருவி கிடைத்தால் அவர் பதில் சொல்வார் என்று அது காட்டியது. ஆனால் அங்கே பதில் சொல்ல முகம் வேண்டியிருந்தது. தன் முகத்தையும் வீட்டையும் உடலையும் பொதுவில் வைக்க முடிந்தவரே பேச முடிந்தது. பெண்கள் அதற்குக் கொடுத்த விலை, பின்னூட்டங்களில் வந்த வசையாக, வீட்டில் விழுந்த அடியாக, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை விதித்ததும் சேர்த்து வைத்த லட்சக்கணக்கான ரசிகர்கள் ஒரே இரவில் காணாமல் போனார்கள். சில வாரங்களில் இந்தியாவில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது, எல்லோரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். எழுத்துக்கு முகம் வேண்டாம், புனைபெயர் போதும். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒரு பெண் சல்மா என்ற பெயரில் கவிதை எழுதி வெளியே அனுப்ப முடிந்தது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவும் புனைபெயரில்தான் 1992-ல் ‘கருக்கு’ வெளியிட்டார். தலித் கிறித்தவப் பெண்ணின் தன்வரலாறு அது. ஊரில் முதலில் கோபம் கிளம்பியது. பிறகு அதே புத்தகம் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உலகப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. முகத்தைக் காட்டினால்தான் பேசலாம் என்ற விதி அன்று இருந்திருந்தால் இந்த இரண்டு குரல்களும் நமக்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு நடுவழியும் புழக்கத்தில் இருக்கிறது. எழுத்தைப் படமாக்கி விடுவது. நாவலிலிருந்து இரண்டு வரியைப் பிடுங்கி, மழை பெய்யும் ஜன்னலின் மேல் பதித்து, மூலையில் எழுத்தாளர் முகத்தை வைத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். பாரதி பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் அவர்கள் சொல்லாத வாசகங்கள் உலவுவது பெரும்பாலும் இந்த அட்டைகளில்தான். படமாகிவிட்ட எழுத்தை வேறிடத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, திருத்த முடியாது, எந்தப் பக்கம் என்று கேட்க முடியாது. முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது அந்த அட்டையில் இல்லை. எழுத்தின் உருவம் இருந்தும் அது தரிசனப் பொருளாகிவிட்டது. வாசகர் தலையாட்டலாம், பகிரலாம், அவ்வளவுதான்.

எழுத்துத் தளங்கள் மட்டும் நந்தவனமா என்று கேட்டால், இல்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் பிரதி எடுத்துப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தது ஃபேஸ்புக்கில்தான். எழுத்தால் பதில் சொல்லும் உரிமை வசைபாடும் உரிமையாகவும் ஆகிறது, கும்பலாகத் திரளும் வசதியாகவும் ஆகிறது. எக்ஸ் தளத்தில் சாதிப் பெயர் சொல்லி நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு எழுத்தின் மேன்மை பற்றிப் பாடம் எடுக்க நான் துணிய மாட்டேன். ஆனாலும் ‘மாதொருபாகன்’ விவகாரம் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களை முழு நாவலோடு வைத்துப் படித்த வாசகர்கள் எழுதினார்கள், வாதிட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதினார். எழுத்தால் வந்த காயத்துக்கு எழுத்திலேயே மருந்தும் இருந்தது, ஏனென்றால் மூலப் பிரதி எல்லோர் கையிலும் இருந்தது, எடுத்துக் காட்டிப் பேச முடிந்தது. வெட்டி ஒட்டிய காணொளி ஒன்றால் ஒருவர் பெயர் கெட்டால் அதைச் சரிசெய்வது இதைவிடப் பல மடங்கு கடினம்.

ரீல்ஸால் புத்தகம் விற்கிறது என்பதையும் மறுக்கத் தேவையில்லை. பதிப்பாளருக்கு அது வேண்டும், வறுமையில் எழுதும் எழுத்தாளருக்கும் வேண்டும். காட்சி வாசல் வரை ஆளைக் கூட்டி வரட்டும். பட்டாசுக் கடைக்காரர் செய்வதும் அதுதான், அவர் திறமையாகவே செய்கிறார். வந்தவரோடு பேச எழுத்தாளர் வீட்டில் இருக்கிறாரா என்பதே என் கவலை. ஐம்பதாயிரம் பார்வை பெற்ற காணொளியை விட, ‘உங்கள் மூன்றாவது அத்தியாயத்தில் வரும் மருந்து அறை அப்படி இருக்காது’ என்று சாத்தூரிலிருந்து ஒருவர் எழுதிய பத்து வரி ஓர் எழுத்தாளரை அதிகம் வளர்க்கும். அந்தப் பத்து வரிக்கு அவர் பதில் எழுதினால், எழுதியவரும் வளர்வார். தினமும் வீடியோ எடுப்பதற்குச் செலவாகும் நேரத்தில் பாதியை இந்தக் கடிதங்களுக்குக் கொடுங்கள் என்று எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்வேன்.

வாசகர்களிடமும், மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா என்று தமிழக அரசு 2022-ல் முடிவெடுத்த பிறகு விருதுநகரிலும் அது நடந்துவருகிறது. பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். இத்தகைய விழாக்களில் செல்ஃபி எடுக்க அலங்கரித்த இடம் தவறாமல் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். சிவகாசியில் அச்சான தாளும் நாலு பேனாவும் வையுங்கள், வாழும் எழுத்தாளர்களின் தபால் முகவரிகளை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பலகையில் எழுதி வையுங்கள். எழுத வராதவருக்கு எழுதித்தர இரண்டு கல்லூரி மாணவர்கள் உட்காரட்டும். படித்தது பிடித்தது, பிடிக்கவில்லை, எங்கள் ஊரில் இப்படி நடந்தது என்று எதையாவது எழுதி, விழா முடிவதற்குள் தபாலில் சேருங்கள்.